கோடு வளைந்து தெரிந்தால் கண்ணாடி எழுதாதீர்கள்: மாக்குலா சிதைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் சோதனை அறையில், படிப்பு முடித்து ஆறு மாதமே ஆன ஓர் இளம் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதகர்), கோலார் தங்க வயலிலிருந்து காலை ரயிலில் வந்திருந்த 72 வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தார். பெரியவர் 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை அங்கே வேலை பார்த்தவர். துண்டால் முகம் துடைக்கும்போது இடது கண் மறைந்துவிட, எதிரே இருந்த மின்கம்பம் வலது கண்ணுக்கு நடுவில் ஒடிந்தது போலத் தெரிந்தது என்றார். அந்த இளைஞர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே சோதனைச் சட்டத்தில் 0.75 பிளஸ் வில்லையைக் கூடுதலாகப் போட்டார். பெரியவர் எழுத்துப் பலகையில் இன்னும் ஒரு வரி படித்தார். இருவர் முகத்திலும் மகிழ்ச்சி.

பின்னால் நின்றிருந்த எனக்கு உடல் பதறியது. 2007இல் நான் செய்த அதே காரியம், அதே வில்லை. அந்தக் கண்ணாடிச் சீட்டை நான் கையெழுத்துக்கு அனுப்பவில்லை. கண்ணில் தேன் விடாதீர்கள், கண்டதை ஊற்றாதீர்கள் என்பன போன்ற எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைகளை இங்கே விட்டுவிடுகிறேன். படித்தவர்களும், பாசமுள்ள பிள்ளைகளும், என்னைப் போன்ற கண் பரிசோதகர்களும் நல்ல எண்ணத்தோடே செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் நோயைப் பற்றிச் சில வரிகள். கண்ணின் பின்சுவரில் படர்ந்திருக்கும் விழித்திரையின் நடுவே, ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதும் இந்தச் சிறு இடத்தால்தான். வயது ஏற ஏற இதன் அடியில் ட்ரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகள் சேர்ந்து, மேலுள்ள செல்கள் மெல்ல நலிவதே முதுமைசார் மாக்குலா சிதைவு. பெரும்பாலோருக்கு, அதாவது பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு, இது உலர் வகையாக ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகரும். எஞ்சியவர்களுக்கு, விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு படலத்திலிருந்து தேவையற்ற புது ரத்தக்குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசிகின்றன. இது ஈர வகை. இது ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில்லை. வாரங்களில் வேலையை முடித்துவிடும்.

வளைந்து தெரிவதற்குக் கண்ணாடி எழுதுவது

2007இல் நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பாட்டி வந்தார், வயது 68. வாசலில் தினமும் புள்ளிக்கோலம் போடுபவர். "கண்ணு, நான் புள்ளி நேராத்தாம்மா வெக்கறேன். நிமிர்ந்து பார்த்தா நடு வரிசை மட்டும் பாம்பு மாதிரி நெளியுது. நிலைப்படியும் கோணலா தெரியுது" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி தம் நோயைச் சொல்ல முடியாது. நான் படித்த பாடப்புத்தகத்தில்கூட அறிகுறி இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? "வயசாச்சுல்ல பாட்டி, பவர் மாறியிருக்கும்" என்று சொல்லி, இடது கண்ணுக்கு 0.75 பிளஸ் கூட்டினேன். ஒரு வரி கூடுதலாகப் படித்தார். கொஞ்சம் புரையும் ஆரம்பித்திருந்தது. அதையும் காரணமாகச் சொல்லி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னேன். அவர் நான்காவது மாதமே வந்தார். புதுக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். இடது கண்ணின் நடுவில் எதுவுமே தெரியவில்லை, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல ஒரு கருப்பு நிற்கிறது என்றார். விழித்திரை மருத்துவரிடம் அனுப்பினேன். மாக்குலாவில் தழும்பு விழுந்துவிட்டது, இனி ஊசி போட்டும் அந்த இடம் திரும்பாது என்று எழுதி அனுப்பினார். இந்தக் கசிவை அடக்கும் பெவாசிசுமாப் ஊசி அப்போதே இந்த ஊரில் போடப்பட்டு வந்தது. சிகிச்சை இல்லாத காலத்தில் நடந்த இழப்பு என்று சொல்லி நான் தேறிக்கொள்ள முடியாது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதைப் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிளஸ் வில்லை பொய் சொல்லவில்லை, உண்மையாகவே ஒரு வரி கூட்டியது. கசிந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியை முன்னோக்கித் தூக்குகிறது. அந்த இடத்தில் கண்ணின் நீளம் குறைகிறது. கண்ணின் நீளம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஏறக்குறைய 3 டயாப்டர் (வில்லைப் பவரின் அலகு) பிளஸ் கூடும் என்பது நாம் முதலாண்டில் படித்த கணக்கு. கால் மில்லிமீட்டர் தூக்கினால் எவ்வளவு? ஏறக்குறைய 0.75. நான் 2007இல் அளந்ததும், அந்த இளைஞர் சென்ற மாதம் அளந்ததும் பவர் மாற்றத்தை அன்று, விழித்திரைக்கு அடியில் தேங்கிய நீரின் உயரத்தை. அளவு சரி, அதற்குக் கொடுத்த பொருள்தான் தவறு. முதியவர் ஒருவருக்கு ஒரே கண்ணில், சில வாரங்களுக்குள், பிளஸ் பவர் கூடினால் அதை நோயின் அடையாளமாகவே கொள்ள வேண்டும். புரை முற்றும்போது பவர் பெரும்பாலும் மைனஸ் பக்கம் நகரும் என்பதை நினைவில் வைத்தால் போதும், புரையின் மேல் பழி போட மனம் வராது.

இன்னும் எளிய சோதனை ஒன்று மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. நுண்துளை அட்டையைக் கண்ணுக்கு முன் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். குறை பவரில் இருந்தால் எழுத்து தெளியும். மாக்குலாவில் இருந்தால் தெளியாது. பலருக்கு இன்னும் மங்கும். படிக்கிற விதத்தையும் கவனியுங்கள். பவர் குறைந்தவர் வரி முழுவதையும் மங்கலாகப் படிப்பார். மாக்குலா கெட்டவர் நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் படிப்பார், அல்லது தலையை ஒருபுறம் சாய்த்து அந்த எழுத்தைத் தேடுவார். அப்படித் தலையைச் சாய்ப்பவரை "நேராப் பாருங்க" என்று அதட்டுகிற பழக்கம் நம் அறைகளில் இருக்கிறது. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதற்குத்தான். அவர் நேராகப் பார்த்தால் தெரியவில்லை என்பதால்தான் சாய்க்கிறார்.

கோடு வளைகிறது, நடுவில் கறை நிற்கிறது, திடீரென்று ஒரு கண் மங்கியது என்று ஒருவர் சொன்னால், கண்ணாடிச் சீட்டை மூடி வைத்துவிட்டு, அன்றோ மறுநாளோ விழித்திரை மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது கூடாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈர வகை என்று ஐயப்பட்டால் ஒரு வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும், 14 நாள்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிறது. விழித்திரை மருத்துவரிடம் போனால் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். கண்ணைத் தொடாமல், ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம் அது. சில நிமிட வேலைதான். அந்தக் கோலார் பெரியவரின் படத்தில் மாக்குலாவுக்கு அடியில் நீர் ஒரு சிறு மேடு போல நின்றது. அந்த வாரமே முதல் ஊசி போடப்பட்டது.

இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு "நல்லாத்தான் தெரியுது" என்பது

மூளை நல்ல கண்ணை வைத்துக் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். டிவி தெரிகிறது, செய்தித்தாள் தெரிகிறது என்று மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம். அந்தப் பெரியவருக்குத் துண்டு உதவியது. பலருக்கு அந்தத் தற்செயலும் வாய்ப்பதில்லை.

சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வடிவமைத்த கட்டத்தாள் இதற்காகவே இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் சதுரம், ஐந்து மில்லிமீட்டர்க் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றக் கண்ணால் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கோடுகள் வளைகின்றனவா, உடைகின்றனவா, ஏதாவது கட்டம் காணாமல் போகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கண். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு எல்லாம் மங்கல் என்று பதறுவதும், கட்டம் முழுவதும் கண்ணை ஓட விடுவதும் அடிக்கடி நடக்கிற பிழைகள்.

மர்ஃபி டவுன் பாட்டிக்கு அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. சமையலறை ஜன்னலின் சதுரக் கம்பியே எனக்குப் போதும் என்று, தினமும் பால் பொங்கும் வரை அடுப்பருகில் நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் அந்தக் கம்பியைப் பார்த்தார். 2011இல் ஒரு காலை, கம்பி ஓரிடத்தில் இழுபட்டது போலத் தெரிந்திருக்கிறது. எட்டரை மணிக்கு, நாங்கள் கதவு திறப்பதற்கு முன்பே, பேரனோடு வாசலில் வந்து நின்றார். அந்த வலது கண் பிழைத்தது. பிறகும் அவர் கோலம் போட்டார்.

புரை எடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பது

புரை பார்வையை மங்கச் செய்யும், நேர்கோட்டை வளைக்காது.

மூன்று ஊசியோடு நிறுத்திவிடுவது

கண்ணுக்குள் ஊசி என்றதும் வரும் அச்சம் இயல்பானதே. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, அயோடின் கரைசலால் கழுவி, வெள்ளை விழி வழியாக 0.05 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்துகிறார்கள். ஊசி உள்ளே இருப்பது சில நொடிகள். அந்த அச்சத்தைத் தாண்டி வந்தவர்களே, மூன்றாவது ஊசிக்குப் பின் வராமல் போவதுதான் வருத்தம்.

காரணம் பெரும்பாலும் நல்ல செய்தியாகவே இருக்கும். பார்வை தெளிந்துவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகன், மாதம் ஒரு விடுப்பு எடுத்து அப்பாவை அழைத்து வந்தவர், "இப்பதான் பேப்பரே படிக்கறாரே, இனிமே எதுக்கு மேடம்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். அவர் பொறுப்பற்ற மகன் அல்லர். தொடக்கத்தில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி என்று நாம் சொன்னதை, மொத்தமே மூன்று என்று அவர் கேட்டுக்கொண்டார். அதைத் திருத்திச் சொல்லாதது நம் குறை. ரத்தக்குழாயை முளைக்கத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை இந்த மருந்துகள் தடுத்து வைக்கின்றன. மருந்து தீர்ந்தால் அது மீண்டும் வேலையைத் தொடங்கும். ஓசிடி படத்தில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, நான்கு வாரத்தை ஆறாக, எட்டாக, பத்தாக நீட்டுவார்களே தவிர, நிறுத்தும் முடிவு மருத்துவருடையது. இதை முதல் ஊசிக்கு முன்பே, பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

தொடர்ந்தால் கிடைப்பது சிறிதன்று. 2006இல் வெளியான மரீனா ஆய்வில், மாதந்தோறும் ரானிபிசுமாப் என்ற இவ்வகை மருந்தைப் பெற்றவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் எழுத்துப் பலகையில் 15 எழுத்துகளுக்கும் குறைவாகவே இழந்திருந்தனர். போலி ஊசி பெற்றவர்களில் அந்த அளவோடு தப்பியவர்கள் 62 விழுக்காடு. மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு, முன்பைவிட 15 எழுத்துகளோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தனர்.

செலவு காரணமாக நிறுத்துபவர்கள் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். புற்றுநோய்க்காக உருவான பெவாசிசுமாப் பல மடங்கு மலிவானது; 2011இல் வெளியான கேட் ஆய்வில், ஓராண்டு முடிவில் அது ரானிபிசுமாபுக்கு இணையான பார்வையையே தந்தது. சாமராஜப்பேட்டையில் மின்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. வழி கேட்டால் வழி சொல்ல ஆளுண்டு. சொல்லாமல் நின்றுவிட்டால் எங்களுக்குத் தெரியவே வராது.

ஊசி போட்ட சில நாள்களில் வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, பார்வை இறங்கினாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள். கண்ணுக்குள் கிருமி தொற்றுவது மிக அரிது. ஆனால் அது மணிக்கணக்கில் முற்றுவது.

மாத்திரை இருக்கிறதே என்று அமைதியாவது

அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் ஆய்வு 2001இல் வெளிவந்தது. இடைநிலை மாக்குலா சிதைவு உள்ளவர்களும், ஒரு கண்ணில் முற்றிய நிலையை அடைந்தவர்களும் குறிப்பிட்ட அளவில் விட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை சேர்ந்த மாத்திரையை எடுத்தபோது, நோய் முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 25 விழுக்காடு குறைந்தது. 2013இன் இரண்டாம் ஆய்வு, அதிலிருந்த பீட்டா கரோட்டினை நீக்கி லுடீன் 10 மில்லிகிராமும் ஸியாஸாந்தின் 2 மில்லிகிராமும் சேர்க்கலாம் என்று காட்டியது. புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவது முக்கியக் காரணம்.

இதில் சொல்லப்படாதவற்றையும் கவனியுங்கள். நோயே இல்லாத நாற்பது வயதுக்காரருக்கு இது தடுப்பு மருந்து என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. இழந்த பார்வையை இது மீட்காது. கசிகிற ரத்தக்குழாயை இது நிறுத்தாது. பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் நல்ல உணவு, நிறையச் சாப்பிடட்டும். ஆனால் கோடு வளையத் தொடங்கிய ஒருவரைக் கீரை சமைத்துக் கொடுத்து ஒரு மாதம் வீட்டில் வைத்திருப்பது அன்பின் பெயரால் செய்யும் பெரும் தீங்கு.

பீடி, சிகரெட் பற்றிக் கேட்க மறப்பது

கேளுங்கள். இந்த நோய்க்கு வழிவிடுபவற்றில் வயதையும் மரபையும் மாற்ற முடியாது, புகைப்பதை மாற்றலாம்.

"உலர் வகைதானே" என்று அனுப்பி வைப்பது

உலர் வகை எந்த நாளிலும் ஈர வகையாக மாறக்கூடும். மாறாமல் உலர்ந்தபடியே முற்றி, நடுப்பகுதிச் செல்கள் திட்டுத்திட்டாக அழிந்துபோவதும் உண்டு. அந்த அழிவின் வேகத்தைக் குறைக்கும் இரண்டு ஊசி மருந்துகளுக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அவையும் போன பார்வையைத் தருவன அல்ல. ஆகவே, போன பார்வையை மீட்க மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பும்போதே, கட்டத்தாளையும் அடுத்த வருகைக்கான தேதியையும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

"முழுசா இருட்டாயிடும்" என்று பயமுறுத்துவது

இந்த நோய் மட்டும் இருந்தால் முழு இருட்டு வராது. நடுப் பார்வை போகும். சுற்றுப் பார்வை நிற்கும். அதனால்தான் வீட்டாருக்கு இது புரிவதில்லை. கீழே கிடக்கும் சட்டைப் பித்தானைக் கண்டு எடுப்பவர், கல்யாண மண்டபத்தில் சொந்தத் தங்கையைத் தாண்டிப் போகிறார். "பார்த்தும் பாக்காத மாதிரி போறார்" என்று மனத்தாங்கல் வருகிறது. பேருந்து வருவது தெரியும், அதன் எண் தெரியாது. அவர் நடிக்கவில்லை. எதிரே நின்று, முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பார்க்க வேண்டிய பொருளுக்குச் சற்று மேலோ பக்கவாட்டிலோ பார்வையை நிறுத்தி, நலிவடையாத விழித்திரைப் பகுதியால் பார்க்கும் பயிற்சி இருக்கிறது. உருப்பெருக்கிகளும், நல்ல மேசை விளக்கும், கைபேசியில் பெரிய எழுத்தும், எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியும் இருக்கின்றன. குறைபார்வைப் பிரிவுக்கு அனுப்பாமல் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

இல்லாத உருவம் தெரிகிறது என்பவரை மனநோயாளி ஆக்குவது

நடுப் பார்வை போனவர்களில் சிலருக்கு மனிதர்கள், பூக்கள், கோலம் போன்ற வடிவங்கள் கண்முன் தோன்றும். கண்ணிலிருந்து செய்தி வராத வெற்றிடத்தை மூளை தானே நிரப்புவதால் வருவது இது. சுவிஸ் அறிஞர் சார்ல்ஸ் பொன்னே தம் பாட்டனாருக்கு இப்படித் தோன்றியதை 1760இல் எழுதி வைத்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. சத்தம் இராது, பார்ப்பவருக்குப் பெரும்பாலும் அது உண்மையன்று என்பதும் தெரிந்திருக்கும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஓர் அம்மாள் தாயத்துக் கட்டிய கையோடு வந்தார். மருமகள் உடனிருந்த வரை ஒன்றும் சொல்லவில்லை. மருமகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இப்படிச் சிலருக்குத் தெரியும்மா, புத்திக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "எட்டு மாசமா வராங்கம்மா. மூணு பொண்ணுங்க. பூப்போட்ட பாவாடை. செவுத்தோரமா உக்காந்திருக்கும், ஒண்ணும் பேசாது" என்றார். அன்றிலிருந்து நடுப் பார்வை இழந்த எவரையும், உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.